எரிந்த குடிசைக்கு எந்தக் கூரை?

சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர் என்று உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஓலைக் கூரை வீடுகள் இன்னும் இருக்கின்றன. சித்திரை வெயிலில் ஓலை சருகாகிக் கிடக்கும்போது ஒரு அடுப்புப் பொறி போதும், வண்டி வந்து தண்ணீர் அடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மறுநாள் காலையில் கருகிய பனங்கழிகளும், உருகிப் படர்ந்த பிளாஸ்டிக் குடமும், நெளிந்த டிரங்குப் பெட்டியும்தான் மிச்சம்.

மேலே எதைப் போடுவது என்ற கேள்வி அன்றைக்கே வந்துவிடுகிறது. மழை வரும் பயம், கையில் இருக்கும் கொஞ்சப் பணம், சொந்தக்காரர்களின் யோசனை எல்லாம் சேர்ந்து அவசரப்படுத்தும். இப்போதைக்கு ஒதுங்க ஒரு கூரை வேண்டும், பிள்ளைகள் காலம் வரைக்கும் நிற்க ஒரு கூரை வேண்டும். இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள். அவசரத்துக்குப் போட்ட ஷீட்டின் கீழேயே ஆயுசைக் கழித்துவிடும் குடும்பங்கள் நம் பக்கம் நிறைய.

முதல் வாரம்: காகிதம்

சாம்பலை வாரிக் கொட்டுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து அறிக்கை எழுதினால்தான் வருவாய்த் துறையின் உடனடி நிவாரணம் கிடைக்கும். தீயணைப்பு நிலையத்தில் தீ விபத்துச் சான்று கேளுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் எரிந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். மறுபிரதிக்கு அது உதவும்.

கேஸ் கசிந்து பிடித்த தீ என்றால் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். எண்ணெய் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்காகக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. இணைப்பு பதிவான முகவரியில் ஏற்படும் பொருள் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை அதில் இடமுண்டு. இது தெரியாமலேயே விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

மனை யார் பெயரில்?

கூரையை முடிவு செய்வது மனைதான். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. வாரியத்துக்கு நிற்பவருக்கு அது விதித்த தகுதிகளில் ஒன்று, தன் சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது. ஆயிரத்து நூறு ஆண்டு கழிந்தும் மனை இல்லாதவர் சொல் எடுபடுவதில்லை. அரசு வீட்டுத் திட்டம் எதுவானாலும் முதலில் கேட்பது பட்டாவைத்தான்.

பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்று வைத்துப் பெயர் மாற்றுங்கள். புறம்போக்கில் இருந்தால் அது எந்த வகைப் புறம்போக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏரி, குளம், வாய்க்கால் என்றால் அங்கே பட்டா எதிர்பார்க்க வேண்டாம். வேறு இடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு போடுவதே வழி. தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியிலும், காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். மனு எண் எழுதிய ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

ஐந்து கூரைகள்

*ஓலை, கீற்று.* குளிர்ச்சிக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. பனை ஓலையும் ஆளும் உள்ளூரிலேயே கிடைத்தால் செலவும் குறைவு. ஆனால் சில வருஷத்துக்கு ஒரு முறை மாற்றி வேய வேண்டும், வேய்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள். தீ என்று வந்துவிட்டால் நிமிஷக் கணக்குதான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தது கீற்றுக் கொட்டகையில் பிடித்த தீயால். ஒரு முறை எரிந்த இடத்தில், பிள்ளைகளும் நடக்க முடியாத பெரியவர்களும் தூங்கும் அறைக்கு மறுபடியும் ஓலை வேண்டாம்.

*சிமெண்ட் ஷீட்.* ஆஸ்பெட்டாஸ் என்று நாம் சொல்வது இதைத்தான். எரியாது, கடையில் உடனே கிடைக்கும். ஆனால் கீழே நெருப்புப் பிடித்தால் சூட்டில் வெடித்துச் சிதறும், அணைக்க வருகிறவர்களுக்கும் ஆபத்து. ஷீட்டை அறுக்கும்போதும் துளை போடும்போதும் பறக்கும் தூசியில் கல்நார் இழை இருக்கிறது. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. பல நாடுகளில் இதற்குத் தடை இருக்கிறது, நம் நாட்டில் இன்னும் விற்கிறார்கள். எரிந்த வீட்டில் உடைந்து கிடக்கும் ஷீட்டை வெறும் கையால் அள்ளாதீர்கள், பெருக்கவும் வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு, சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள். புதிதாகப் போட நான் இதைச் சொல்ல மாட்டேன்.

*தகர ஷீட், கலர் ஷீட்.* தற்காலிகத்துக்கு இதுதான் சரி. எரியாது, ஒரே நாளில் மாட்டிவிடலாம். பின்னால் தளம் போட்டு வீடு கட்டும்போது கழற்றி மாட்டுக் கொட்டகைக்குப் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். சவுக்குக் கழிக்குப் பதில் இரும்பு பைப்பில் சட்டம் போடுங்கள், கழி எரிந்தால் ஷீட் தலைமேல் வந்து விழும். சட்டத்தைத் தரையில் குழி தோண்டி கான்கிரீட்டில் ஊன்ற வேண்டும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் ஷீட்டுகள் பறந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இதன் குறை வெக்கை. அதற்காகப் பலர் ஷீட்டின் மேலேயே கீற்றைப் பரப்பிவிடுகிறார்கள், தீயும் பழையபடி கூரைக்கு ஏறிவிடுகிறது. வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள், அல்லது பச்சையாக இருக்கும் வரைக்கும் சுரைக்கொடி ஏற்றுங்கள், காய்ந்ததும் இழுத்துப் போட்டுவிட வேண்டும்.

*ஓடு.* வெயிலுக்கு இதமானது, எரியாது. ஆனால் கீழே இருக்கும் சட்டமும் ரீப்பரும் மரமாக இருந்தால் எரியும், இடுக்கு வழியாகப் பொறியும் இறங்கும். கனம் அதிகம் என்பதால் மண் சுவர் தாங்குமா என்று கொத்தனாரிடம் காட்டிக் கேளுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு வருஷமும் ஏறிப் பார்த்து உடைந்ததை மாற்ற வேண்டும். குரங்குத் தொல்லை உள்ள ஊர் என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

*கான்கிரீட் தளம்.* தீக்கும் புயலுக்கும் நிற்பது இதுதான். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் குடிசைவாசிகளுக்கு 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம், மிச்சம் 60 தீப்பிடிக்காத வேறு கூரை. பணம் வேலை ஏற ஏறத் தவணையாக வரும், ஆகவே அடுத்த தவணை வரும் வரைக்கும் கைப்பணம் தேவை. 360-ஐத் தாண்டி ஆசைப்பட்டால் வட்டிக்கு வாங்கித்தான் முடிக்க வேண்டியிருக்கும்.

தளம் போடும் அன்று பக்கத்திலேயே நில்லுங்கள். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். கம்பி பலகையை ஒட்டிக் கிடந்தால் சில வருஷத்தில் துருவேறி உப்பி, தளம் உதிரும். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி, இரண்டு வாரமாவது காயவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைமைக்கு எது?

பட்டா இருக்கிறது, அரசின் குடிசைக் கணக்கெடுப்பில் பெயரும் இருக்கிறது என்றால் தளத்துக்குக் காத்திருங்கள், அதுவரை தகர ஷீட். ஆனால் ஷீட் மாட்டுவதற்கு முன்பே ஒன்றிய அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். திட்டம் குடிசைக்கானது. எரிந்தது குடிசைதான் என்பது எழுத்திலும் போட்டோவிலும் பதிவாக வேண்டும்.

பட்டா இருந்தும் பெயர் விடுபட்டிருந்தால் கிராம சபையில் எழுந்து சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. தீர்மான நோட்டில் பெயர் ஏறியதைப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

இருளர் குடும்பம் என்றால் 2023 நவம்பரில் வந்த பிரதமர் ஜன்மன் திட்டம் தனியாக இருக்கிறது. சாதிச் சான்று இல்லாமல் அது நகராது, ஆகவே மனையோடு சேர்த்து அதையும் கேளுங்கள்.

பட்டாவே இல்லையென்றால் இரும்பு பைப், தகர ஷீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாளைக்கு இடத்தை மாற்றச் சொன்னாலும் கழற்றி எடுத்துப் போகலாம். கடன் வாங்கிச் சுவர் எழுப்பினால், இடிக்கச் சொல்லும் நாளில் கடன் மட்டும்தான் மிஞ்சும்.

தெருவுக்கும் சேர்த்து

2025 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஆல்ட்டடீனா என்ற புறநகர் காட்டுத்தீயில் எரிந்தது. அங்கே வீட்டுக்கு வீடு நெருப்பைக் கொண்டுபோனதில் காற்றில் பறந்த தணலுக்குப் பெரிய பங்கு. நம் தெருவிலும் அதே கதைதான். உங்கள் தளத்தில் பொறி விழுந்தால் அணைந்துபோகும், பக்கத்து வீட்டு ஓலையில் விழுந்தால் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே எந்தக் கூரை போட்டாலும் விறகு அடுப்பைத் தனியாகத் தள்ளி, மூன்று பக்கம் செங்கல் சுவர் வைத்துக் கட்டுங்கள். வைக்கோல் போரும் விறகும் சுவரை ஒட்டி வேண்டாம். மின் இணைப்பில் கசிவுக்குத் தானாக நிற்கும் டிரிப்பர் மாட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஆள் குடத்தோடு ஓடும் அளவுக்குச் சந்து விடுங்கள். எரிந்த வீடு ஒன்றானாலும், கிராம சபைக்குத் தெரு முழுக்கப் போய் நில்லுங்கள். ஒரு குடும்பத்துக்காகக் கேட்கும்போதே தெருவில் மிச்சமுள்ள ஓலைக் கூரைகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள். எல்லாக் கூரையும் மாறினால்தான் ஒரு கூரை பத்திரம்.