கஞ்சி போகும் வழி

கேள்வி: மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு, தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்திருக்கும் என் தகப்பனாருக்கு நிமோனியா வருமா என்று முன்கூட்டியே கணிக்க இயலுமா?
— பாபநாசம் வாசகர்

பதில்: ஜோசியம்போல் நிச்சயமாய்ச் சொல்ல இயலாதெனினும், அபாயம் எவருக்கு அதிகம் என மதிப்பிடும் சாஸ்திரீய முறைகள் உண்டு. சீன தேசத்துப் பக்கவாதப் பதிவேட்டை ஆதாரமாகக் கொண்டு 2014-இல் வெளியான ஓர் அளவுகோல், வயது, புகை, மது, நாள்பட்ட நுரையீரல் வியாதி, பிரக்ஞையின் நிலை, விழுங்குவதில் சிரமம், கசிவு நேர்ந்த இடம், அது மூளையின் உள்ளறைகளில் பரவியதா என்பன போன்றவற்றுக்குத் தனித்தனியே எண் கொடுத்துக் கூட்டுகிறது. தொகை ஏற ஏற அபாயமும் ஏறும்.

இவற்றுள் காவேரிக்கரைக் குடும்பங்கள் அவசியம் கவனிக்க வேண்டியது விழுங்கும் சக்தியே. அரை மயக்கத்தில் கிடப்பவரைப் பார்த்து, 'வெறும் வயிற்றோடு கிடக்கிறாரே' என்ற வாஞ்சையினால் பாலாடையில் நாம் புகட்டும் கஞ்சியானது, இரைப்பைக்குச் செல்லாமல் சுவாசக் குழாயில் இறங்கி, அங்கே கிருமிகள் பெருக இடங்கொடுத்துவிடுகிறது. (வாஞ்சைக்கு வைத்தியம் தெரியாது!) தலைமாட்டை உயர்த்தி வைப்பதும், வாயைச் சுத்தமாகத் துடைத்து வைப்பதும் நலம். விழுங்கும் சோதனை முடிந்து டாக்டர் சம்மதிக்கும் வரையில், தயவுசெய்து ஒரு மிடறு காபிகூட வாயில் விடாதீர்கள்.