கூடைக்குள் நுழையும் பத்து ரூபாய்

ஜவ்வாதுமலையின் ஜமுனாமரத்தூர் பக்கம் போய் வருகிறவர்கள் முன்பெல்லாம் கையோடு கொஞ்சம் சாமையும் தேனும் புளியும் வாங்கி வருவார்கள். இப்போது அதற்கு மலையேற வேண்டியதில்லை. ஜவ்வாதுமலை பழங்குடி உழவர்களின் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசின் டிரைஃபெட் அமைப்பு நடத்தும் ‘டிரைப்ஸ் இந்தியா’ விற்பனையகம் இருக்கிறது. இவற்றுக்கு நடுவே, மலைப்பொருளை வாங்கிப் பொட்டலம் கட்டி அனுப்பும் சின்னச் சின்ன இணையக் கடைகளும் நடக்கின்றன. இரண்டு மூன்று பேர் சேர்ந்து, வேறு வேலைக்கு நடுவே பார்த்துக்கொள்ளும் கடைகள். விற்பனையோடு மலைக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்ற எண்ணமும் இவர்களில் பலருக்கு உண்டு. எண்ணத்தில் கோளாறு இல்லை. அதைத் தளத்தில் ஏற்றுகிற விதத்தில்தான் சில தவறான நம்பிக்கைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

நம்பிக்கை: பத்து ரூபாய் நன்கொடைதானே, பணம் கட்டும் பக்கத்தில் நாமே டிக் போட்டு வைத்தால் யார் கோபிக்கப் போகிறார்கள்?

யாரும் கோபிக்காவிட்டாலும் அது விதிமீறல். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளே, வாங்குபவரின் சம்மதத்தை முன்கூட்டியே டிக் செய்த பெட்டி மூலம் எடுக்கக் கூடாது என்கின்றன. அதன்பின் 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையத்தில் ஆளை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்தது. கேட்காத ஒன்றை வாங்குபவரின் கூடைக்குள் நைசாகச் சேர்ப்பது அதில் ஒன்று. அந்த விளக்கத்தில் பொருள், சேவை என்பவற்றோடு அறக்கொடை, நன்கொடை என்றும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று, வெட்கப்பட வைத்துப் பணம் வாங்குவது. நன்கொடை வேண்டாம் என்கிறவர் அழுத்த வேண்டிய பொத்தானில் ‘தர்மம் பணக்காரர்களுக்கு, எனக்கென்ன’ என்ற ரீதியில் எழுதி வைப்பதை ஆணையமே உதாரணமாகக் காட்டியிருக்கிறது. நம் ஊர்த் தளங்களில் இதன் தமிழ் வடிவத்தைப் பார்க்கலாம்: ‘குழந்தைகள் படிப்பது எனக்கு முக்கியமில்லை’. கோயில் வாசலில்கூட இப்படி யாரும் கேட்பதில்லை.

சட்டத்தை விடுங்கள், வியாபாரக் கணக்கே இடிக்கிறது. தேன் என்பது கலப்படப் பயத்தோடே வாங்கப்படும் பொருள். தெரியாமல் சேர்ந்த பத்து ரூபாயைக் கண்டுபிடித்தவருக்கு அடுத்த சந்தேகம் பாட்டிலுக்குள் இருப்பதன் மேல்தான் வரும்.

நம்பிக்கை: ‘ஒரு பகுதி நன்கொடைக்கு’ என்று போட்டாலே விற்பனை ஏறும்.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2010-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு அது. அமெரிக்கக் கேளிக்கைப் பூங்கா ஒன்றில், சவாரியின்போது எடுத்த புகைப்படத்தை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முன் விதவிதமாக விற்றார்கள். விலை 12.95 டாலர் என்று நிர்ணயித்து, அதில் பாதி நன்கொடைக்கு என்று சொன்னபோது வாங்கியவர் எண்ணிக்கை பெரிதாக அசையவில்லை. ‘விருப்பப்பட்டதைக் கொடுங்கள்’ என்றபோது நிறையப் பேர் வாங்கினார்கள், ஆனால் சராசரியாக ஒரு டாலருக்கும் குறைவாகக் கொடுத்தார்கள். ‘விருப்பப்பட்டதைக் கொடுங்கள், பாதி நன்கொடைக்குப் போகும்’ என்றபோது வாங்கியவர்கள் குறைந்தார்கள், ஆனால் சராசரி ஐந்து டாலரைத் தாண்டியது. தொகையைத் தானே தீர்மானிக்கிற இடத்தில்தான் மனிதருக்குக் கை தாராளமாகிறது.

பெரிய கடையாலேயே முடியாமல் போன கதையும் உண்டு. அமேசான் 2013-இல் ‘அமேசான் ஸ்மைல்’ தொடங்கி, வாங்கும் தொகையில் 0.5 சதவீதத்தை வாங்குபவர் விரும்பும் அமைப்புக்குக் கொடுத்தது. பட்டியலில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் இருந்தன. ஓர் அமைப்புக்குக் கிடைத்த சராசரி 230 டாலருக்கும் குறைவு என்று அந்த நிறுவனமே சொல்லி 2023 பிப்ரவரியில் மூடியது. ஆக, சின்னக் கடைக்கு நான் சொல்வது: ஒரே ஒரு காரியம், அதற்குப் பெயர் சொன்ன ஓர் இடம், தொகை எழுத வெற்றாக விட்ட ஒரு கட்டம்.

நம்பிக்கை: ‘லாபத்தில் 10 சதவீதம்’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

யாருக்கும் புரியாது. 400 ரூபாய்த் தேன் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொள்முதல், பாட்டில், பொட்டலம், கூரியர், இணையத்தில் பணம் வாங்கும் கேட்வே கட்டணம் எல்லாம் போக 40 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்தால், லாபத்தில் 10 சதவீதம் 4 ரூபாய். வாங்குபவர் மனதில் ஓடுவதோ 40 ரூபாய். நீங்கள் பொய் சொல்லவில்லைதான், ஆனால் அவர் ஏமாந்துவிட்டார். ‘ஒரு பாட்டிலுக்கு 4 ரூபாய்’ என்று எழுதினால் சின்னதாகத் தெரியும். சின்னதாகவே தெரியட்டும்.

நம்பிக்கை: தளத்தைச் சரிசெய்வது என்றால் புது டிசைன், ஓடும் பேனர், பெரிய படங்கள்.

நன்கொடை கேட்கும் முன் பொருளின் பக்கமே சரியாக இருக்க வேண்டும். இந்தக் கடைகளில் வழக்கமாகப் பார்க்கும் ஒரு தேன் பக்கத்தைத் திறப்போம். போனில் எடுத்து அப்படியே ஏற்றிய 4 எம்பி படம். சிக்னல் சுமாராக இருந்து நொடிக்கு 2 மெகாபிட் வேகம் கிடைத்தால், அந்த ஒரு படம் மட்டும் இறங்க 16 நொடி ஆகும். அதே படத்தை 150 கேபி அளவுக்குச் சுருக்கினால் ஒரு நொடிகூட ஆகாது. பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். புது டிசைனுக்குச் செலவழிக்கும் முன் ஒரு மாலை உட்கார்ந்து எல்லாப் படங்களையும் சுருக்குங்கள், காசே செலவாகாது.

படத்துக்குக் கீழே ‘இயற்கையின் வரம், 100% தூய மலைத்தேன்’ என்று இருக்கிறது. எத்தனை கிராம் என்று இல்லை. பொட்டலப் பொருளின் நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவர் பெயர், முகவரி எல்லாம் வாங்கும் முன்பே திரையில் தெரிய வேண்டும் என்பது 2018 முதல் நடைமுறையில் இருக்கும் எடையளவு விதி. கூரியர் 90 ரூபாய் என்பது கடைசிப் பக்கத்தில்தான் தலைகாட்டுகிறது. செலவை இப்படிச் சொட்டுச் சொட்டாக வெளியிடுவதும் ஆணையம் தடைசெய்த அந்த 13 உத்திகளில் ஒன்று.

பொருளின் விவரம் படத்துக்குள் எழுத்தாகப் பதிந்திருக்கிறது. படத்தில் எழுதியதைத் தேடுபொறி சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. பார்வையற்றவரின் போன் அதைச் சரியாக வாசித்துக் காட்டும் என்றும் நம்ப முடியாது. யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். ‘சாமை அரிசி’ என்று தமிழிலும் இருக்கட்டும், அதையே ஆங்கில எழுத்தில் தேடுகிறவர்களுக்காக அப்படியும் ஒருமுறை இருக்கட்டும்.

பக்கத்தில் இல்லாத இன்னொரு விஷயம்: தேன் உறையும். குளிர்காலத்தில் அடியில் வெள்ளையாகக் கட்டி தட்டினால் ‘சர்க்கரை கலந்திருக்கிறார்கள்’ என்று பாட்டில் திரும்பி வருகிறது. தேனிலுள்ள குளுக்கோஸ் படிகமாவதுதான் அது. வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும், அடுப்பில் கொதிக்க வைக்கக் கூடாது. இந்த மூன்று வரி செய்கிற வேலையை எந்த ஓடும் பேனரும் செய்யாது. சாமைக்கும் அப்படியே: தீட்டியதா தீட்டாததா, எவ்வளவு நேரம் ஊற வைப்பது, ஒரு டம்ளருக்கு எத்தனை டம்ளர் தண்ணீர். வாங்குபவர் கேட்க நினைப்பது இவ்வளவுதான்.

நம்பிக்கை: கிழிந்த சட்டையோடு நிற்கும் மலைக் குழந்தையின் படம் போட்டால் மனம் இளகும்.

இளகலாம். ஆனால் அந்தக் குழந்தைக்கு முகம் இருக்கிறது, பெற்றோர் இருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இது பண்பற்ற வேலை என்பது என் கருத்து. அதோடு, படம் ஒரு பெரிய கேள்வியை மறைத்துவிடுகிறது: சாமை விளைவித்த மலையாளிப் பழங்குடி உழவருக்குக் கிலோவுக்கு எவ்வளவு போனது, என்றைக்குப் போனது? உமி நீக்கிய சாமை அரிசிக்கு நகரத்தில் கிடைக்கிற விலை ஒன்று, உமியோடு மூட்டையாக வியாபாரியிடம் போடும்போது கிடைக்கிற விலை வேறு. அந்த இடைவெளியில் ஒரு பங்கை உழவருக்கே விட்டுக்கொடுக்காத கடை, குழந்தைகளின் நோட்டுப் புத்தகத்துக்கு என்று பாட்டிலுக்கு நாலு ரூபாய் கொடுப்பதில் எனக்குப் பெரிய மதிப்பு வரவில்லை. கொள்முதல் விலையைத் தளத்தில் போடத் துணிகிற கடை நன்கொடை கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

நம்பிக்கை: வாங்குபவருக்கு வரிச்சலுகை உண்டு என்று விளம்பரம் செய்யலாம்.

பெரும்பாலும் முடியாது. கடை தன் லாபத்திலிருந்து கொடுத்தால் சலுகை கேட்க வேண்டியது கடை, வாங்குபவர் அல்ல. 80ஜி என்று பழக்கத்தில் சொல்லும் சலுகைக்கு, பதிவுபெற்ற அமைப்பு நன்கொடையாளர் பெயரில் சான்றிதழ் தர வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலோ, பணமாக அல்லாமல் பொருளாகக் கொடுத்தாலோ கணக்கில் வராது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்த தனிநபருக்கு இந்தச் சலுகையே இல்லை. ஜிஎஸ்டி கட்டும் கடை விலைக்குள்ளேயே நன்கொடையை அடக்கியிருந்தால் முழு விலைக்கும் அந்த வரி உண்டு. நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும் என்ற சட்டத்தைச் சிலர் இழுப்பார்கள். அது 5 கோடி ரூபாய் நிகர லாபம், 1,000 கோடி விற்றுமுதல், 500 கோடி நிகர மதிப்பு என்பவற்றில் ஒன்றையாவது எட்டிய நிறுவனங்களுக்கு.

இத்தனை தலைவலியும் வேண்டாம் என்கிற கடைக்கு நேர்வழி ஒன்று இருக்கிறது: பணத்தைத் தொடாமலே இருப்பது. அரசுப் பள்ளிகளுக்கு யாரும் இணையம் வழியே நன்கொடை கொடுப்பதற்காக 2022 டிசம்பரில் தமிழக அரசு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தைத் தொடங்கியது. ஆர்டர் முடிந்து, பணம் கட்டி, நன்றி சொல்லும் பக்கத்தில் அதற்கு ஓர் இணைப்பு கொடுத்தால் போதும். வாங்க வந்தவர் வாங்கி முடித்திருப்பார், அவசரம் இருக்காது. கொடுப்பவர் நேரே அங்கே கொடுப்பார், ரசீதும் அங்கிருந்தே வரும். கடை தன் கையால்தான் திரட்டுவேன் என்றால் அதற்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, எந்த மாதம் எவ்வளவு சேர்ந்தது, எந்தத் தேதியில் எங்கே போனது என்பதைத் தளத்தில் எழுத வேண்டியிருக்கும். ஒன்றும் சேராத மாதத்தில் பூஜ்யம் என்றும் எழுத வேண்டும்.