அமெரிக்காவில் போலீஸ் காரை நிறுத்தினால்...

பின்னால் சிவப்பு, நீல விளக்குகள் மின்னுகின்றனவா? ஊர்ப் பழக்கத்தை மூட்டை கட்டிவிட்டு இப்படிச் செய்யுங்கள்.

1. இண்டிகேட்டர் போட்டு வலது ஓரமாக நிறுத்துங்கள். இரவென்றால் உள்விளக்கையும் போடுங்கள். இருட்டுக்குள் யார் இருக்கிறார் என்று தெரியாமல் நெருங்குவதுதான் போலீஸ்காரருக்குப் பதற்றம்.

2. காரைவிட்டு இறங்காதீர்கள். ஊரில் லைசென்ஸும் ஆர்.சி. புக்குமாக இறங்கிப்போய் நிற்பது மரியாதை. அங்கே அது தாக்க வருவதுபோல் தெரியும். நியாயமோ இல்லையோ, நடைமுறை அதுதான். போலீஸ்காரரே இறங்கச் சொன்னால் மறுக்காதீர்கள். அந்த அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் 1977-லேயே அவருக்குத் தந்துவிட்டது.

3. இரு கைகளும் ஸ்டீயரிங் மேல், விரல் விரிந்து இருக்கட்டும். இன்சூரன்ஸ் பேப்பரை முன்கூட்டியே துழாவ வேண்டாம். கேட்டதும், "டேஷ்போர்டுக்குள் இருக்கிறது, எடுக்கட்டுமா?" என்று சொல்லிவிட்டு மெல்ல எடுங்கள். குனிந்து தேடும் கை துப்பாக்கியைத் தேடுவதாகவே படும்.

4. காரைச் சோதிக்க அனுமதி கேட்டால், "எனக்குச் சம்மதமில்லை" என்று வாயால் மட்டும் சொல்லுங்கள். மீறிச் சோதித்தாலும் தடுக்காதீர்கள். கோர்ட்டில் வாதாடலாம், ரோட்டோரத்தில் ஜெயிக்க முடியாது.

5. டிக்கெட்டில் கையெழுத்துக் கேட்டால் போடுங்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது.

6. பணத்தை நீட்டவே நீட்டாதீர்கள். அபராதத்தோடு போவது லஞ்ச வழக்காகிவிடும்.