கருவியைக் கழற்றிவைத்துப் பனியில் இறங்குவோர்

செவியியல் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "விளையாடும் நேரத்தில் பிள்ளை கருவியைக் கழற்றி வைக்கலாமா?" இக்கேள்விக்குப் பின்னால் ஓர் அச்சம் இருக்கிறது. பெருஞ்செலவிலும் மாதக்கணக்கான பயிற்சியிலும் கிடைத்த ஒலி, கருவியைக் கழற்றிய கணத்தில் போய்விடுகிறது. பிள்ளை மீண்டும் ஒன்றும் கேளாமல் நிற்பதைக் காண்பது எளிதன்று. ஆனால், உலகெங்கிலுமிருந்து காது கேளாத விளையாட்டு வீரர்கள் கூடும் பனிக்கால விழா ஒன்றில், கருவியைக் கழற்றுவது அவரவர் விருப்பம் அன்று; விதியே அதுதான். அவ்விழாவைப் பற்றி அறிந்துகொண்டால் பெற்றோரின் கேள்விக்கும் விடை கிடைக்கும்.

அவ்விழாவின் பெயர் குளிர்கால டெஃப்லிம்பிக்ஸ். காது கேளாதோருக்கான பன்னாட்டுப் போட்டிகளை 1924இல் பாரிஸ் நகரில் தொடங்கிவைத்தவர், தாமும் காது கேளாதவரான யூஜின் ரூபன்ஸ்-அல்கே என்னும் பிரெஞ்சுக்காரர். அப்போது வந்த நாடுகள் 9. குளிர்கால விழா அதற்கு 25 ஆண்டுகள் கழித்து, 1949இல், ஆஸ்திரியாவின் ஸீஃபெல்ட் என்ற மலையூரில் முதன்முதலாக நடந்தது. 5 நாடுகளிலிருந்து 33 பேர் மட்டுமே கலந்துகொண்டனர். 2007இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி, 2015இல் ரஷ்யாவின் கான்டி-மான்சிஸ்க், 2019இல் வட இத்தாலியின் மலைப்பகுதி, 2024 மார்ச்சில் துருக்கியின் எர்சுரும் என்று விழா ஊர் மாறி வந்துள்ளது. இடையில் 2011இல் ஸ்லோவாக்கியாவில் நடக்கவேண்டிய விழா கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது. நான்காண்டுப் பயிற்சி அப்படி வீணாகும்போது அந்த வீரர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

இதைப் பாராலிம்பிக்ஸுடன் குழப்பிக்கொள்வோர் பலர். பாராலிம்பிக்ஸில் காது கேளாதோருக்கெனத் தனிப் பிரிவு கிடையாது. மதுரையைச் சேர்ந்த இறகுப்பந்து வீராங்கனை ஜெர்லின் அனிகா 2022இல் பிரேசிலில் 3 தங்கப் பதக்கங்கள் வென்றது கோடைக்கால டெஃப்லிம்பிக்ஸில்தான்.

இவ்விழாவில் பங்கேற்கத் தகுதி என்ன என்பதை உங்கள் கையில் இருக்கும் ஆடியோகிராம் தாளைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். கருவி அணியாத நிலையில், ஒவ்வொரு காதுக்கும் 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஆகிய மூன்று அதிர்வெண்களில் பதிவான டெசிபல் எண்களைக் கூட்டி மூன்றால் வகுக்கவேண்டும். எடுத்துக்காட்டாக, ஒருவரின் இடக்காதில் 60, 70, 80 என்று பதிவாகியிருந்தால் சராசரி 70. வலக்காதில் 50, 55, 60 என்றிருந்தால் சராசரி 55. எண் குறைவாக இருக்கும் காதே நன்றாகக் கேட்கும் காது. இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு வருந்துவோர் உண்டு. நன்றாகக் கேட்கும் அந்தக் காதில் இழப்பு 55 டெசிபலோ அதற்கு மேலோ இருந்தால்தான் டெஃப்லிம்பிக்ஸில் இடம். நம் எடுத்துக்காட்டிலுள்ளவர் மயிரிழையில் தகுதி பெறுகிறார். ஒரு காது முற்றிலும் கேளாமல் மறு காது நன்றாகக் கேட்பவருக்கு இடமில்லை. இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசும் இயல்பான பேச்சு ஏறத்தாழ 50 முதல் 60 டெசிபல் அளவில் இருக்கும் என்பதை நினைத்தால், 55 என்ற எல்லையின் பொருள் விளங்கும்.

காது கேட்கும் கருவியையும், காக்ளியர் இம்பிளான்ட்டின் வெளிப்பகுதியையும் பயிற்சி ஓட்டத்தின்போதும் போட்டியின்போதும் களத்துக்குள் அணியக்கூடாது. ஒருவரின் கருவி விலையுயர்ந்தது, மற்றொருவரிடம் கருவியே இல்லை என்னும் ஏற்றத்தாழ்வு இதனால் நீங்குகிறது. பனிச்சறுக்கில் மணிக்கு 100 கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில் விழுவோருக்கும், ஐஸ் ஹாக்கியில் உடலோடு உடல் மோதுவோருக்கும் காதில் கடினமான பொருள் இல்லாதிருப்பது பாதுகாப்பும் கூட.

அப்படியானால் களத்தில் ஒலியின் வேலையைச் செய்வது எது? ஒளியும் கையும். ஐஸ் ஹாக்கியில் நடுவர் விசில் ஊதுவதைத் தெரிவிக்க ஆடுகளத்தைச் சுற்றி விளக்குகள் மின்னும். பின்னால் விரைந்து வருபவரின் சறுக்குக் காலணி பனிக்கட்டியை உரசும் ஓசை கேட்காதென்பதால், ஆட்டக்காரர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே ஓடுவார். கர்லிங் என்ற ஆட்டம் இன்னும் சுவையானது. ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள வழவழப்பான கருங்கல்லை ஒருவர் பனிக்கட்டித் தளத்தில் தள்ளிவிட, இருவர் அதன்முன்னே துடைப்பத்தால் தளத்தைத் தேய்த்துக்கொண்டு ஓடுவர். எதிர்முனையில் நிற்கும் தலைவர் "தேய்", "நிறுத்து" என்று தொண்டை கிழியக் கத்துவது கேட்போரின் வழக்கம். காது கேளாதோரின் ஆட்டத்தில் அக்கட்டளை கைகளாலேயே வரும். தேய்ப்பவர் குனிந்து தேய்க்கவும் வேண்டும், நிமிர்ந்து தலைவரைப் பார்க்கவும் வேண்டும். ஒரு கண்வீச்சு தவறினால் கல் எல்லை தாண்டிவிடும். இதே விழாவில் சதுரங்கமும் இடம்பெறுகிறது. பனிக்கும் சதுரங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். பார்வையாளர் கைதட்டுவதில்லை, இரு கைகளையும் உயர்த்தி விரல்களை விரித்து அசைப்பார்கள். இங்கே சைகை தெரியாத, காது கேட்கும் விருந்தினர்தான் மொழிபெயர்ப்பாளரைத் தேடவேண்டும்.

இனி, மருத்துவ நோக்கில் பெற்றோர் கட்டாயம் அறியவேண்டிய செய்தி. உட்காதில் நத்தைக்கூடு போன்ற காக்ளியாவை ஒட்டியே, உடலின் சமநிலையை உணரும் மூன்று அரைவட்டக் குழல்களும் உள்ளன. இரண்டினுள்ளும் உள்ள திரவமும் நுண்மயிர்ச் செல்களும் ஒரே வகையானவை. ஆகவே மூளைக்காய்ச்சலாலோ, ஜென்டமைசின் போன்ற சில மருந்துகளாலோ கேள்திறனை இழந்தவர்களில் சிலருக்குச் சமநிலை உணர்வும் உடன் போயிருக்கும். எல்லாருக்கும் அப்படியன்று, காது கேளாத பலருக்குச் சமநிலை முற்றிலும் சீராக இருக்கும். இழந்தவர்களும் கண்பார்வையையும், பாதங்களும் மூட்டுகளும் தரும் உணர்வையும் கொண்டு அக்குறையை ஈடுசெய்து நன்றாகவே நடந்து ஓடிப் பழகிவிடுகிறார்கள். குழந்தை தாமதமாக நடக்கத் தொடங்கியதோ, இருட்டில் தள்ளாடியதோ மட்டுமே பெற்றோரின் நினைவில் இருக்கலாம்.

பனிமலை இந்த ஈட்டைச் சோதிக்கும் இடம். மேகம் கவிந்த நாளில் வானமும் தரையும் ஒரே வெண்மையாகிவிடும். மேடும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியா. கணுக்காலை அசையவிடாமல் இறுக்கும் பனிச்சறுக்குக் காலணி, பாதம் தரும் செய்தியையும் குறைத்துவிடும். துணைக்கிருந்த இரண்டும் ஒருசேரக் கைவிடும் வேளை அது. எனவே பனிச்சறுக்கு பழக விரும்பும் பிள்ளைக்கு முன்கூட்டியே சமநிலைப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பனியே காணாத ஊரில் வாழ்வோருக்கு இது எதற்கு என்று எண்ணவேண்டாம். நீச்சலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: சமநிலை உணர்வு அற்றவருக்குக் கலங்கிய நீருக்கடியில் மேல் எது, கீழ் எது என்பது தெரியாமல் போகக்கூடும். அத்தகைய பிள்ளையை நீரில் தனியே விடலாகாது.

முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். கழற்றலாம். நீச்சலிலும், மோதி விழும் ஆட்டங்களிலும் கழற்றுவதே முறை. பாதுகாப்பான மற்ற ஆட்டங்களில் அணிந்தே ஆடட்டும். கழற்றும் முன், நிறுத்தவும் அழைக்கவும் என்ன சைகை என்பதைப் பயிற்சியாளர், பெற்றோர், பிள்ளை மூவரும் பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் ஒலியின்றி ஆடுவதால் கற்ற பேச்சு மறந்துவிடாது. காக்ளியர் இம்பிளான்ட் உள்ள பிள்ளை வெளிப்பகுதியைக் கழற்றினாலும் உட்பகுதி தலைக்குள் இருப்பதால், விழக்கூடிய விளையாட்டு எதிலும் தலைக்கவசம் தேவை. தலையில் பலமாக அடிபட்டால் வலி இல்லையென்றாலும் கருவியைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய விழாவைக் காணவோ, வேறு குளிர்ப்பகுதிக்கோ செல்வோர்க்குச் சில குறிப்புகள். எர்சுரும் நகரம் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ளது; இதய, நுரையீரல் நோயாளிகள் அத்தகைய உயரங்களுக்குச் செல்லுமுன் தம் மருத்துவரைக் கேட்கவேண்டும். கடுங்குளிரில் கருவியின் மின்கலம் விரைவில் வலுவிழக்கும்; உபரி மின்கலங்களை உடலோடு ஒட்டிய உட்பையில் வையுங்கள். குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் நுழைந்ததும் கருவியில் நீர்த்துளி படியும். இரவில் அதை ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைக்கவேண்டும். இம்பிளான்ட் அடையாள அட்டையை விமான நிலையச் சோதனையில் காட்டும்படி கைப்பையிலேயே வைத்திருங்கள்.

களத்தருகே இன்னொன்று: கழற்றிய கருவியை விளையாட்டு உடையின் பையில் போடாதீர்கள், துவைக்கும்போது அதுவும் நனைந்து வீணாகும். பிள்ளையின் பெயர் எழுதிய மூடியுள்ள சிறு பெட்டியில் வைத்து, அதைக் காக்கும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். ஆட்டம் முடிந்து வரும் பிள்ளை முதலில் யாரை நோக்கி ஓடிவரவேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருக்கட்டும்.