பேட்டரி தீர்ந்தால் காது போய்விடுமா?

துப்பாக்கி சுடும்போது காதைக் காக்க மாட்டும் மின்னணு இயர்மஃப் வாங்க நினைப்பவர்கள் எல்லோரிடமும் ஓர் அச்சம் இருக்கிறது. சுட்டுக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? அந்த நொடியே காது வெடிச்சத்தத்தை நேராக வாங்கிக்கொள்ளுமா? வாங்காது. பேட்டரி போனால் அது சாதாரண இயர்மஃப் ஆகிவிடும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது சரியாகக் கேட்காது, அவ்வளவுதான். முன்பு எந்த அளவுக்கு வெடிச்சத்தம் தணிந்ததோ, இப்போதும் அதே அளவுக்குத் தணியும். சத்தத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது மின்சுற்று அல்ல. காதின்மேல் கவிந்திருக்கும் பிளாஸ்டிக் கிண்ணமும், அதன் உள்ளே இருக்கும் பஞ்சும், விளிம்பில் காதைச் சுற்றித் தோலோடு ஒட்டி உட்காரும் மெத்தையும்தான் தடுத்தன. இது பிடிபட்டால் இந்தக் கருவியைப் பற்றிய பாதி நம்பிக்கைகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

அப்படியானால் மின்சுற்றுக்கு என்ன வேலை? கிண்ணத்துக்கு வெளியே ஒரு மைக், உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கர். வெளியே கேட்கும் பேச்சையும் காலடிச் சத்தத்தையும் மைக் வாங்கி ஸ்பீக்கரிடம் கொடுக்கிறது. வெளிச்சத்தம் ஒரு வரம்பைத் தாண்டினால், பெரும்பாலான மாடல்களில் அது 82 முதல் 85 டெசிபல், சுற்று அதை அமுக்கிவிடுகிறது அல்லது முழுவதும் நிறுத்திவிடுகிறது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இங்கே வேறொரு கேள்வி கேட்பார்கள்: சுற்று சுதாரிப்பதற்கு ஒன்றிரண்டு மில்லி நொடி பிந்திவிட்டால், வெடிச்சத்தத்தையே பெருக்கிக் காதுக்குள் அனுப்பிவிடாதா? கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஆனால் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. விரல்நுனி அளவுள்ள அந்த ஸ்பீக்கரால் 150, 160 டெசிபல் எழுப்பவே முடியாது. சுற்று மெதுவாக இருந்தால் பேச்சு துண்டுதுண்டாகக் கேட்கும், ‘டப்’ என்று அடைத்துத் திறக்கும். மலிவான மாடல்களில் எரிச்சலூட்டுவது இதுதான். காதுக்கு அதனால் கேடில்லை. விமானத்தில் பாட்டுக் கேட்க வாங்கிய ‘நாய்ஸ் கேன்சலிங்’ ஹெட்ஃபோனைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கொண்டு போவது வேறு கதை, அதுதான் உண்மையில் ஆபத்து. அந்த நுட்பம் எஞ்சின் இரைச்சல் போலச் சீராக ஓடும் தாழ்ந்த ஒலியை எதிரலை கொண்டு அழிப்பதற்கானது. சில மில்லி நொடியில் அடித்துவிட்டுப் போகும் துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்னால் அது செயலற்றது. அதன் மெல்லிய மெத்தையும் காதை இறுக்கி அடைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல.

விலை கூடினால் காப்பும் கூடும் என்ற எண்ணம் இன்னும் பிடிவாதமானது. எத்தனை டெசிபல் தணிக்கும் என்று சொல்லப் பெட்டிமேல் அச்சாகியிருக்கும் என்.ஆர்.ஆர். எண்ணைப் பார்த்தால் பல நேரம் கதை தலைகீழாக இருக்கும். பரவலாக விற்கும் மின்னணு இயர்மஃப்களில் அந்த எண் 22, 23 என்று நிற்கிறது. மின்சுற்றே இல்லாத தடித்த இயர்மஃப் 30ஐத் தொடுகிறது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் நுரை இயர்பிளக்குகளில் 32, 33 என்று போட்டிருக்கும். மைக்குக்கும் பேட்டரிக்கும் இடம் விட வேண்டும், துப்பாக்கிக் கட்டையில் இடிக்காதபடி கிண்ணம் மெலிதாகவும் இருக்க வேண்டும். அதற்கான விலையைக் காப்புதான் கொடுக்கிறது. இந்த எண்ணையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1979இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதைக் கட்டாயமாக்கியது. ஆய்வகத்தில் ஆட்களை உட்காரவைத்து, எவ்வளவு மெல்லிய ஒலி வரை காதில் விழுகிறது என்று கேட்டுக் கணக்கிடும் எண் இது; துப்பாக்கி வெடித்து அளந்ததல்ல. தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ், நடைமுறையில் இயர்மஃப் என்றால் அந்த எண்ணில் கால்வாசியையும், நுரை பிளக் என்றால் பாதியையும் கழித்துக்கொள்ளச் சொன்னது. பிளக்கைச் சரியாக உருட்டி ஆழமாகச் செருகுகிறவர் குறைவு.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். திடீரென வெடிக்கும் சத்தம் காதில் 140 டெசிபல் உச்சத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்காவில் நெடுங்காலமாக இருந்துவரும் வரம்பு. ‘சின்னத் துப்பாக்கிதானே’ என்று அலட்சியப்படுத்தப்படும் .22 ரைஃபிளே அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் டிராப் பிரிவில் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் சுட்டாரே, அந்த 12 போர் துப்பாக்கி 150ஐத் தாண்டும். பெரிய வேட்டை ரைஃபிள்கள் 160ஐயும் தாண்டும். 165 டெசிபலிலிருந்து 23ஐ முழுசாகக் கழித்தாலும் மிஞ்சுவது 142. இந்தக் கழித்தல் தோராயமானதுதான், ஆனால் நம்மை எங்கே நிறுத்துகிறது என்று காட்ட இது போதும். அதனால்தான் உள்ளே நுரை பிளக், மேலே இயர்மஃப் என்று இரட்டைக் காப்புப் போடச் சொல்கிறார்கள். 33ம் 23ம் சேர்ந்து 56 ஆகாது. பெரிய எண்ணோடு ஏறத்தாழ 5ஐக் கூட்டிக்கொள்ளலாம். எவ்வளவு அடைத்தாலும் மண்டையோட்டு எலும்பு வழியாகச் சத்தம் உள்காதுக்குப் போகத்தான் செய்யும். மின்னணு இயர்மஃபுக்கு இந்த இடத்தில் ஓர் அனுகூலம் உண்டு. உள்ளே பிளக் போட்டிருந்தாலும் ஸ்பீக்கர் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைத்தால் பேச்சு காதுக்கு எட்டும். எண்களையெல்லாம் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடக்கூடியது மெத்தையில் விழும் இடைவெளி. பாதுகாப்புக் கண்ணாடியின் தடித்த காம்பு, தொப்பி விளிம்பு, முடிக்கற்றை, ரைஃபிள் கட்டையில் கன்னம் சாய்க்கும்போது நெம்பும் கிண்ணம் என்று ஏதாவது ஒன்று போதும், சத்தம் அதன் வழியே ஒழுகிவிடும்.

‘சுட்டுவிட்டு வந்தால் காது கொஞ்ச நேரம் ரீங்கரிக்கும், மறுநாள் சரியாகிவிடும்’ என்பது இன்னும் பழைய நம்பிக்கை. சரியானது போலத் தோன்றும் காதில் என்ன நடந்திருக்கும் என்பதற்கு 2009இல் ஷேரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் எலிகளில் செய்த ஆய்வு சாட்சி. கேட்கும் திறன் அளவீட்டில் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும், உள்காதின் மயிரணுக்களை நரம்போடு இணைக்கும் முடிச்சுகளில் பாதி அளவு வரை நிரந்தரமாக அழிந்திருந்தன. மனிதரின் ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. பெருஞ்சத்தம் கேட்டதும் நடுக்காதின் தசை இறுகிக் காப்பாற்றும் என்கிறார்களே, அந்த அனிச்சைச் செயல் தொடங்குவதற்குள் வெடி முடிந்துவிடும். முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் அருகில் உள்ள உயர்ந்த ஒலிகள். வலக்கைக்காரர் ரைஃபிள் பிடித்தால் குழல்வாய்ப் பக்கம் இருப்பது இடது காது, வலது காது தலையின் மறைவில் இருக்கும். பல ஆண்டுகள் சுட்டவர்களுக்கு இடது காது அதிகம் மந்தமாகியிருக்கும். உயிரொலிகள் கேட்கும், மெய்கள் மங்கும். ‘கத்தி’யா ‘கட்டி’யா ‘கச்சி’யா என்று தடுமாறுவார்கள், ‘கேட்கிறது, புரியவில்லை’ என்பார்கள். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்ஸிமின் செவித்திறன் அந்த வெடிச்சத்தத்தாலேயே அழிந்தது. 1909இல் துப்பாக்கிச் சைலன்ஸருக்குக் காப்புரிமை பெற்றவர் அவருடைய மகன். அந்தச் சைலன்ஸர்கூடச் சினிமாவில் வருவது போலச் சத்தத்தை விழுங்கிவிடாது. 20, 30 டெசிபல் குறைக்கும்.

காப்பில் பின்தங்கி, விலையில் முந்தும் கருவிக்கு எதற்கு இத்தனை பேச்சு? கழற்றாமல் இருக்க வைக்கிறதே, அதற்காகத்தான். 30 எண் கொண்ட இயர்மஃபை, ரேஞ்ச் அதிகாரி என்ன சொன்னார் என்று கேட்க ஒரு நொடி தூக்கிவிட்டு, அந்த நொடியில் பக்கத்துத் தடத்தில் ஒருவர் சுட்டுவிட்டால், அந்த 30 பூஜ்ஜியமாகிவிடும். தொழிற்சாலை இரைச்சலில் இப்படி ஒரு நொடி தவறினால் பெரிதாகப் பாதிக்காது. துப்பாக்கிச் சத்தம் ஒரே வெடியில் வேலையை முடித்துவிடும். அமெரிக்க வேட்டைக்காரர்களில் பலர், மான் காலடி வைக்கும் சத்தம் கேட்க வேண்டும் என்று வெறுங்காதோடு காட்டில் காத்திருப்பார்கள். அந்தச் சாக்கையும் இந்தக் கருவி பறித்துக்கொள்கிறது. குறை இல்லாமல் இல்லை. காதுமடல் மூடப்பட்டு மைக் வழியே கேட்கும்போது, சத்தம் முன்னாலிருந்து வந்ததா பின்னாலிருந்தா என்று மூளை குழம்பும். துணையோடு வேட்டைக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனமும் ஒலி வாங்கும் கருவி பொருத்திய காதுக்கவசத்தைப் போட்டியில் பொதுவாக அனுமதிப்பதில்லை. காரணம் காதின் நலன் அல்ல, வெளியிலிருந்து யாரும் வீரருக்கு யோசனை சொல்லிவிடக் கூடாது என்பதுதான். பயிற்சியில் மின்னணு, போட்டியில் சாதாரணம் என்று இரண்டும் வைத்துக்கொள்வோருக்கு இது பெரிய தடையல்ல.

கடையில் வாங்கும்போது பேட்டரியைப் போடச் சொல்ல வேண்டாம். சுடும்போது அணியும் கண்ணாடியையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு, மேலே இயர்மஃபை மாட்டி, கட்டையில் கன்னம் வைப்பது போல் தலையைச் சாய்த்துப் பாருங்கள். சாய்த்ததும் கடைக்காரர் பேசுவது சட்டென்று தெளிவாகக் கேட்டால், மெத்தை எந்த இடத்தில் விலகுகிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடலாம். கண்ணாடிக் காம்பு மெலிதாக இருந்தால் சில நேரம் அதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் வேறு மாடல் பார்க்க வேண்டியதுதான்.