கப்பல் எண்ணெயும் கடலைப் பயிரும்

கப்பல்கள் எரிக்கும் எண்ணெயைப் பற்றி உழவர்களுக்கு என்ன கவலை என்று கேட்கலாம். கந்தகம் என்ற பொருளில் இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது.

கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் ஆகியவற்றை வடித்தெடுத்த பின் கெட்டியான கசடு எண்ணெய் அடியில் தங்கும். கப்பல்கள் நெடுங்காலமாக இதனையே எரித்து வந்தன. குளிர்ந்தால் தார்போல் இறுகும். சூடேற்றித்தான் எஞ்சினுக்குள் செலுத்த வேண்டும். இருந்தும் மலிவு. ஆனால், கச்சா எண்ணெயிலுள்ள கந்தகத்தின் பெரும்பகுதி இக்கசடில்தான் சேருகிறது. அது எரிந்து வெளிவரும் கந்தக டை ஆக்சைடு வாயு நுரையீரலைக் கெடுக்கும். மழைநீரில் கரைந்து அமில மழையாகவும் பெய்யும்.

கப்பல் எண்ணெயில் 3.5 சதம் வரை அனுமதிக்கப்பட்டிருந்த கந்தகத்தைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2020 சனவரி 1 முதல் 0.5 சதமாகக் குறைத்தது. அதாவது, ஒரு டன் எண்ணெயில் 35 கிலோ வரை இருக்கலாம் என்றிருந்தது 5 கிலோவாயிற்று. அவ்வெண்ணெய் எரிந்து வெளிவரும் வாயுவும் 70 கிலோவிலிருந்து 10 கிலோவாகக் குறைகிறது. பால்டிக் கடலிலும் வட கடலிலும் 2015 முதலே வரம்பு 0.1 சதம்தான். பழைய எண்ணெயையே எரித்து, புகையைக் கடல்நீரால் கழுவும் கருவியைப் பொருத்திக்கொண்ட கப்பல்களும் உண்டு. பலவற்றில் கழுவிய நீர் கடலிலேயே விடப்படுகிறது. எண்ணெயை மாற்றுவதே நேர்வழி.

நமது டிராக்டருக்கு ஊற்றும் டீசலிலும் 2020 ஏப்ரல் முதல் டன்னுக்கு 10 கிராமுக்கு மேல் கந்தகம் இருத்தல் கூடாது.

இதில் உழவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பயிருக்கும் கந்தகம் தேவை. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அனல்மின் நிலையங்கள், ஆலைகளின் கந்தகப் புகை குறைந்தபின், 1980, 1990களில் கடுகு இனத்தைச் சேர்ந்த எண்ணெய்வித்துப் பயிரில் கந்தகப் பற்றாக்குறை தோன்றியது. அதுவரை புகையோடு வந்து நிலத்தில் விழுந்த கந்தகம் செலவில்லா உரமாக இருந்திருக்கிறது! பின்னர் அதை விலைகொடுத்து வாங்கி இட வேண்டியதாயிற்று.

நம் நிலங்களில் இக்குறைக்கு முக்கியக் காரணம் வேறு. யூரியா, டி.ஏ.பி. போன்ற கந்தகமில்லா உரங்களையே தொடர்ந்து இடுகிறோம். அடியிலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. நுனியிலுள்ள இளம் இலைகள் நரம்புகள் உட்பட வெளிறினால் கந்தகக் குறைவு எனலாம். டி.ஏ.பி.க்குப் பதில் சூப்பர் பாஸ்பேட் இட்டால் மணிச்சத்துடன் சுமார் 11 சதம் கந்தகமும் கிடைக்கும். இறவை நிலக்கடலைக்கு எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சத்தை, விதைத்த 40-45ஆம் நாளில் செடியோரமாக இட்டு மண் அணைக்க வேண்டும். இதிலுள்ள சுண்ணாம்புச் சத்தால் பருப்பும் நன்கு திரளும்.