பெங்களூருக்குப் போகிற தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

மூன்று நாளுக்குப் பதினைந்து இடம் எழுதி வைத்திருக்கிறாய். முதலில் அதில் பாதிக்கு மேல் அடித்துவிடு. கூட வருவது அம்மா. ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் தவிர வேறெதற்கும் பழவேற்காட்டைத் தாண்டாதவள். அவளுக்கு மால் வேண்டாம், மாடிக் கட்டடம் வேண்டாம். நம் குப்பத்தில் சவுக்கு, பனை, வேலிகாத்தானை விட்டால் உட்கார ஒரு பெரிய மரத்தடி கிடையாது. நாளெல்லாம் வெயிலில் இறால் தரம் பிரிக்கிறவளுக்கு நிழலைக் காட்டு. லால்பாக் ஒரு நாள், கப்பன் பார்க் ஒரு நாள். மூன்றாம் நாளை எதுவும் போடாமல் விட்டு வை.

எப்போது போவது என்பதை நம் ஏரியைப் பார்த்து முடிவு செய். அப்பாவுக்குப் பாடு, அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் முறை, வராத வாரமாக இருக்கட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம்; மழைக்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் அம்மா அங்கேயும் தண்ணீர் ஏறியதா என்றே கேட்டுக்கொண்டிருப்பாள். லால்பாக்கில் குடியரசு தினத்தை ஒட்டியும் சுதந்திர தினத்தை ஒட்டியும் மலர்க் கண்காட்சி நடக்கும். அதைப் பார்க்க ஆசை என்றால் வேலை நாளில் காலையிலேயே போய்விடு, சனி ஞாயிறில் கூட்டத்தின் முதுகுதான் தெரியும். என்னைக் கேட்டால் கண்காட்சியைவிட மரங்கள் பூக்கும் காலம் மேல். ஜனவரியிலிருந்து ஏப்ரல், மே வரை அந்த ஊர்ச் சாலைகளில் இளஞ்சிவப்பு, மஞ்சள், ஊதா, பிறகு மயில்கொன்றையின் சிவப்பு என்று மாறி மாறிப் பூத்துக்கொண்டே இருக்கும். தானாக அமைந்ததில்லை அது. 1908-ல் மைசூர் அரசின் வேலைக்கு வந்த கிரும்பிகல் என்ற ஜெர்மானியர், ஒன்று உதிரும்போது இன்னொன்று பூக்கும்படி யோசித்து மரங்களைத் தேர்ந்து நட வைத்தார். 1956-ல் அந்த ஊரிலேயே கண்ணை மூடினார். அம்மாவிடம் இதைச் சொல். மரம் நட்டவர் யார் என்று அவள் கட்டாயம் கேட்பாள்.

ரயில் விஷயம். பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் காலையிலேயே சென்ட்ரலை விட்டுவிடும். நம் ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போய் அதில் ஏறுவது கஷ்டம். லால்பாக் எக்ஸ்பிரஸ் மத்தியானம் கிளம்பி ராத்திரியில் கொண்டுபோய் விடும்; தெரியாத ஊரில் அந்த நேரத்தில் ரூம் தேடாதே. ராத்திரி பெங்களூர் மெயிலில் ஸ்லீப்பர் போடு. அம்மாவுக்குக் கீழ் பெர்த் கேட்டு வாங்கு. மாலை பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து மின்சார ரயிலில் மூர் மார்க்கெட் வளாகம், பக்கத்திலேயே சென்ட்ரல். பெங்களூரில் விடியுமுன் இறங்குவீர்கள். வெளிச்சம் வரும்வரை ஸ்டேஷனிலேயே பெண்கள் காத்திருப்பு அறையில் இருங்கள். பெங்களூரில் இருக்கும் சித்திக்குக் கருவாடு கொண்டுபோவதானால் இரண்டு மூன்று வெயில் நன்றாகக் காய்ந்ததை மட்டும், இறுக மூடும் டப்பாவில் போட்டுத் தனிப் பையில் வை.

அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். விடிகாலையில் அம்மாவுக்குச் சால்வை வேண்டும், உனக்கு ஸ்வெட்டர் வேண்டும். வியர்க்காது என்பதால் தாகமும் தெரியாது. மணிக்கொரு தடவை தண்ணீர் குடிக்க வை. உதடு வெடிக்கும், தேங்காய் எண்ணெய் சின்ன பாட்டிலில் எடுத்துக்கொள்.

இங்கே டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போய்ப் பழகிவிட்டோம். அங்கேயும் பெண்களுக்கு இலவச பஸ் உண்டு, ஆனால் கர்நாடகப் பெண்களுக்கு மட்டும். நம் ஆதாரில் திருவள்ளூர் மாவட்டம் இருக்கிறது. கண்டக்டரிடம் வாதாடாமல் டிக்கெட் வாங்கு. மெட்ரோவே சுகம். ஸ்டேஷனுக்கு எதிரில் மெஜஸ்டிக். அங்கிருந்து பச்சைத் தடத்தில் நாலாவது நிறுத்தம் லால்பாக், ஊதாத் தடத்தில் மூன்றாவது கப்பன் பார்க். எஸ்கலேட்டரில் அம்மா மிரண்டால் லிஃப்ட் இருக்கிறது. யாரிடமும் எடுத்தவுடன் தமிழில் கேட்காதே. ‘எல்லி’ என்றால் எங்கே, ‘எஷ்டு’ என்றால் எவ்வளவு. இந்த இரண்டையாவது அவர்கள் மொழியில் கேட்டுவிட்டுப் பிறகு தமிழுக்கு வா.

இனி லால்பாக். 1760-ல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு சுல்தான் வளர்த்த தோட்டம். இன்று 240 ஏக்கர். முழுவதும் நடக்க முயலாதே, மூட்டு வலிக்காரியை வைத்துக்கொண்டு முடியாது. வயதானவர்களுக்கு பேட்டரி வண்டி ஓடினால் காசு கொடுத்து ஏற்றிவிடு. காலையில் வெயில் ஏறுமுன் பாறைக்குப் போங்கள். 300 கோடி வருஷத்துப் பாறை என்று புவியியல்காரர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மேலே கெம்பே கவுடா பெயரில் ஒரு கோபுரம். பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும், மழை பெய்திருந்தால் வழுக்கும். பிறகு கண்ணாடி மாளிகை. லண்டன் கிரிஸ்டல் பேலஸை மனதில் வைத்துக் கட்டியது, 1889-ல் அடிக்கல் போட்டார்கள். உள்ளே நின்று ஒரு போட்டோ, அது போதும். நேரத்தை இலவ மரத்துக்குக் கொடு. அதன் வேர்கள் ஆள் மறையும் சுவராக எழுந்து நிற்கும். அங்கே பக்கத்தில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு நீ சுற்றப் போ. அவளுக்கு எதையும் சுற்றிக் காட்ட வேண்டியதில்லை, யாரும் அவசரப்படுத்தாமல் ஒரு மணி நேரம் உட்கார விடு. 1874 முதல் 1908 வரை இந்தத் தோட்டத்தைக் கவனித்த ஜான் கேமரூன்தான் சௌசௌவை அங்கே கொண்டுவந்தார் என்பார்கள். அம்மா கூட்டு வைக்கும் பெங்களூர் கத்திரிக்காய் அதுதான்.

உள்ளே சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கக் கூடாது. முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள். பிரதான வாசல் பக்கம் 1924-ல் தொடங்கிய எம்டிஆர் இருக்கிறது; ரவா இட்லி நன்றாக இருக்கும், வரிசையில் நிற்க நேரம் ஒதுக்கு.

செடி வாங்க ஆசை வரும். தோட்டத்திலேயே கூட்டுறவுச் சங்க நர்சரியில் ரோஜாவும் அந்தூரியமும் கண்ணைப் பறிக்கும். வாங்காதே. நம் மண் உப்பு, போர் தண்ணீரும் உப்பு, மேலே கடல்காற்று. அந்தக் குளிருக்கும் செம்மண்ணுக்கும் பழகிய செடி நம் வாசலில் சீக்கிரம் கருகிப்போகும். நம் இடத்துக்கென்று இருப்பவை பூவரசு, புங்கன், புன்னை, அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி. இவற்றுக்குப் பெங்களூர் போகத் தேவையில்லை, பொன்னேரியிலேயே கிடைக்கும். ஊர் திரும்பியதும் அம்மா கையால் ஒரு புன்னை வைக்கச் சொல். முதல் இரண்டு கோடைக்கு நல்ல தண்ணீர் ஊற்றி, ஆடு கடிக்காமல் வேலி கட்ட வேண்டியது உன் பொறுப்பு. லால்பாக்கில் நீ கற்றுக்கொள்ள வேண்டியதும் இதுதான்: எந்த மரத்துக்கு எந்த இடம் என்று பார்த்து வைத்திருக்கிறார்கள்.

கப்பன் பார்க் 1870-ல் சாங்கி என்ற இன்ஜினியர் அமைத்தது. ஞாயிற்றுக்கிழமை உள்ளே வண்டிகள் விடமாட்டார்கள். அன்றைக்குப் போனால் அம்மா ரோட்டிலேயே தைரியமாக நடக்கலாம். சனிக்கிழமைகளில் முன்பின் தெரியாதவர்கள் வந்து புல்தரையில் ஆளுக்கொரு புத்தகத்தோடு பேசாமல் படிப்பார்கள். 2023-ல் தொடங்கிய வழக்கம். நீ படிக்கிறவள், ஒரு புத்தகம் எடுத்துப் போய் அவர்களோடு உட்கார். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். பூநாரை சீசனில் நம் ஊருக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறாய். பறவை பறந்தால் போட்டோ நன்றாக வரும் என்று கத்துவார்கள், மணலில் பாட்டிலை எறிந்துவிட்டுப் போவார்கள். நமக்கு எப்படி எரியும்! அந்த வேலையை நாம் இன்னொருவர் ஊரில் செய்யக் கூடாது. மரப்பட்டையில் கீறாதே, பூவைப் பறிக்காதே, அம்மா கேட்டாலும் விழுந்த பூவையே எடுத்துக் கொடு. தண்ணீர் பாட்டிலைப் பையிலேயே திருப்பிக் கொண்டுவா.

மூன்றாம் நாள் அம்மாவுக்குத் தெம்பிருந்தால் மாலையில் அல்சூர் ஏரிக்கரை. 2009-ல் திறந்த திருவள்ளுவர் சிலை அங்கே இருக்கிறது, சுற்றிலும் தமிழ் காதில் விழும்.

கிளம்புமுன் ஒரு தாளில் உன் நம்பர், என் நம்பர், தங்கும் இடத்தின் விலாசம் எழுதி, விலாசத்தை மட்டும் கன்னடத்திலும் யாரிடமாவது எழுதி வாங்கி அம்மாவின் சுருக்குப்பையில் வை. மாத்திரையை இரண்டாகப் பிரித்துப் பாதியை உன் பையில் போடு. மெட்ரோவில் பிரிந்துவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நின்ற இடத்திலேயே நிற்கச் சொல், நீதான் தேடிப் போக வேண்டும். இதை இரண்டு முறை சொல்லி, அவள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்.